சிக்னலுக்குக் கூலி

சிட்லபாக்கத்துக் காக்கைகள் கோதண்டம் வீட்டோடு டூ விட்டிருந்தன. பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வடாம் பிழிந்து வைத்தால் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும். பின்வீட்டில் பழைய சோற்றைக் கொட்டினால் சண்டை போட்டுக்கொண்டு தின்னும். நடுவில் இருக்கும் கோதண்டம் வீட்டு மதில்மேல் நெய் விட்டுப் பருப்புச் சோறு பிசைந்து வைத்தாலும் ஒன்றுகூட எட்டிப் பார்க்காது. முருங்கை மரத்தில் உட்கார்ந்து, கழுத்தை இப்படி ஒருதரம் அப்படி ஒருதரம் சாய்த்துப் பார்த்துவிட்டு, வேறு ஜோலியைப் பார்க்கப் போய்விடும்.

மற்ற வீடாக இருந்தால் காக்கை வராதது ஒரு கவலையா? கோதண்டம் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருஷம் ஆவணியில் மார்வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று முதல் ஒவ்வோர் அமாவாசைக்கும் அவருக்குப் படையல் போட்டு, காக்கைக்கு ஓர் இலையில் சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் வீட்டு மனுஷர்கள் சாப்பிட வேண்டும் என்பது முறை. காக்கை தின்றால் அவர் தின்ற மாதிரி. அப்படிப் பார்த்தால் மனுஷர் வருஷம் பூராவும் பட்டினி. 'கா... கா...' என்று தொண்டை வறளக் கூப்பிட்டுவிட்டு, ஆறிப்போன சோற்றை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம், அவரே தெருவிலிருந்து தூக்கி வந்து வளர்த்த நாய். செம்மண் நிறம். ஒரு காது தூக்கியும் ஒரு காது இறங்கியும் இருந்ததால் ரயில்வேக்காரர் அதற்கு சிக்னல் என்று பெயர் வைத்திருந்தார். சிக்னல் காக்கையைக் கண்டால் மதிலில் எகிறிக் குதித்து ஊரைக் கூட்டிவிடுவான். உள்ளே கட்டிப்போட்டால் ஊளையிடுவான். ஒரு அமாவாசைக்கு அவனை வேறு தெருவுக்கே கொண்டுபோய் விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் காக்கை வரவில்லை. அந்த வீட்டுப் பெயர் காக்கைகளிடம் அவ்வளவு கெட்டுப்போயிருந்தது.

1992 ஆடி மாதம். காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஹில்டா பம்மலிலிருந்து டி.வி.எஸ். ஐம்பதில் வந்து இறங்கினாள். நாற்பது வயது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். வண்டியின் முன்னால் தொங்கிய பையில் ஒரு பழைய பிஸ்கட் டின், அதற்குள் நெத்திலிக் கருவாடு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கோவளத்துக் கன்னியம்மாவிடம் வாங்கி, வெயிலில் மறுபடி ஒருதரம் காயவைத்து, நகத்தளவு கிள்ளி வைத்திருந்தாள்.

நாய்க்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது ஹில்டாவின் பிழைப்பு. கல்யாணமான புதிதில், பல்லாவரத்தில் நாய் வளர்த்து விற்கும் ஒரு பங்களாவில் கூட்டிப் பெருக்கப் போனவள். அங்கே பழக்க வந்தவன் சங்கிலியைச் சுண்டி இழுப்பான், பெல்ட்டால் விளாசுவான். அவன் பைக் சத்தம் கேட்டாலே நாய்கள் நின்ற இடத்தில் மூத்திரம் பெய்யும். ஹில்டா மதியச் சோற்றுக்குக் கொண்டுபோன நெத்திலியை ஆளுக்கொன்று காட்டி 'உக்காரு' என்றால் எல்லாம் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்காரும். அப்படித் தொடங்கிய விளையாட்டு தொழிலாகிவிட்டது. இப்போது சேலையூரில் காஸ் சிலிண்டர்காரர் காலைக் கவ்வும் பொமரேனியன், குரோம்பேட்டையில் வெடிச்சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் போய் ஒளியும் அல்சேஷன் என்று தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் எல்லா வீட்டு அடுப்படி வரைக்கும் அவளுக்குப் பழக்கம்.

"இன்னா பண்றான்னு முழுசா சொல்லு சார்" என்றாள், கொல்லைப்படியில் உட்கார்ந்துகொண்டு.

கோதண்டத்தின் மகன் கேசவன் ஆபீசுக்குக் கிளம்பி, எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "முதல் அமாவாசைல காக்காவைப் பாத்து லேசாத்தான் குரைச்சான். நான் பேப்பரைச் சுருட்டி ரெண்டு போட்டேன். அடுத்த அமாவாசைக்கு இன்னும் ஜாஸ்தி. நானும் ஜாஸ்தியாப் போட்டேன்."

"இப்போ?"

"இப்போ நான் படிக்கறதுக்குப் பேப்பரைக் கைல எடுத்தாலே, அவன் போய் மதிலைப் பாத்துக் குரைக்கறான்."

ஹில்டாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "சார், தப்பா நெனச்சுக்காதே. அவன் கணக்குல, காக்கா வந்தா அடி வுழுது. காக்காவக் கிட்ட வர வுடாம தொரத்திட்டா அடி கெடையாது. அடி வாங்கக்கூடாதேன்னுதான் பாவம் இம்மாம் பாடு படறான்."

கேசவன் ஒரு நிமிஷம் யோசித்தான். "அப்போ குரைக்கறதுக்கு நான்தான் ட்ரெயினிங் குடுத்திருக்கேன்."

"ஃபஸ்ட் கிளாஸா குடுத்துக்கீறே."

அவன் மனைவி ரமா சமையற்கட்டு ஜன்னல் வழியாக வாய்விட்டுச் சிரித்தாள். கேசவனும் சிரித்துவிட்டு, சிக்னலிடம் "ஸாரிடா" என்றான். சிக்னல் அவன் கையில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தான்.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். கோதண்டத்தின் அக்கா அஞ்சம்மாள், முடிச்சூரிலிருந்து வந்திருந்தாள். வெற்றிலையை மென்றபடி, "இன்னாத்துக்குச் சிரிப்பு? வருஷம் ஒண்ணாவப் போவுது, என் தம்பி ஒரு வாய் துன்னல. ஆவணில தலைத்திவசம். அன்னிக்கும் காக்கா துன்னாம போச்சுன்னா இந்த நாய் இந்த வூட்ல இருக்கக்கூடாது. கோவளத்துல நம்ம பங்காளி தென்னந்தோப்பு கீது. காவலுக்கு ஒரு நாய் கேட்டுகினு கீறான். மரத்துல சங்கிலி போட்டுக் கட்டட்டும்" என்றாள்.

கோதண்டத்தின் மனைவி சரளா கொல்லைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் கை தானாக இறங்கி சிக்னலின் தொங்கிய காதைத் தடவியது. நாத்தனார் உள்ளே போனபிறகு மெல்லக் கேட்டாள்.

"அவர் சாப்பிடணும் ஹில்டா. இவனும் இங்கயே இருக்கணும். ரெண்டும் நடக்குமா?"

அந்தக் கேள்வி ஹில்டாவை என்னவோ செய்தது. "நடக்கும்மா. ஆனா அடி கெடையாது, சங்கிலி கெடையாது. வேல செஞ்சா கூலி. அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை."

மறுநாளே வேலை ஆரம்பித்தது. கிணற்றடி ஓரமாக ஒரு கோணிச்சாக்கை விரித்தாள். சாக்கில் படுத்தால் ஒரு துண்டு கருவாடு. எங்கோ தூரத்தில் ஒரு காக்கை கத்தினால் இன்னொரு துண்டு. சிக்னல் முதலில் நம்பவில்லை. காக்கைச் சத்தம் கேட்டதும் உடம்பைக் குறுக்கி, அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்தான். வந்தது நெத்திலி. மறுபடி கத்தியது, மறுபடியும் நெத்திலி. இரண்டு மூன்று நாளில் காக்கை கத்தினால் மதிலைப் பார்க்காமல் ஹில்டாவின் மூஞ்சியைப் பார்த்து வாலாட்ட ஆரம்பித்துவிட்டான்.

நாய் சரியானால் போதுமா? டூ விட்ட காக்கைகள் பழம் விட வேண்டுமே. ஹில்டா மதில்மேல் ஒரு பிடி சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து வைத்தாள்.

"இன்னா அக்கா, காக்காவுக்குமா கிளாஸ்?" என்றாள் ரமா, வேடிக்கை பார்த்துக்கொண்டு.

"வேற வழி? நாயி ஒண்ணுதான் எம் பேச்சக் கேக்குது. இதுங்க கேக்கணுமே."

காக்கைகள் முருங்கையில் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசின. வாலில் பாதி இறகு இல்லாத ஒன்று மட்டும் துணிந்து மதிலின் கோடிக்கு வந்தது. தத்தியது, நின்றது, சிக்னலைப் பார்த்தது. சிக்னல் சாக்கில் படுத்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தான். காக்கை கருவாட்டுத் தலையைக் கொத்திக்கொண்டு ஒரே பறப்பு. மறுநாள் அதுவே தன் சேக்காளியைக் கூட்டி வந்தது. ரமா அதற்கு மொட்டைவால் என்று பெயர் வைத்தாள்.

ஒருநாள் ஹில்டா ஒன்றைக் கவனித்தாள். சிக்னலை உள்ளே விட்டுவிட்டுச் சோறு வைத்தால் மொட்டைவால் வருவதில்லை. சாக்கில் அவன் படுத்திருப்பது தெரிந்தால்தான் இறங்குகிறது. கண்ணுக்குத் தெரிகிற நாயை நம்பலாம், தெரியாத நாய் எந்த மூலையிலிருந்து பாயுமோ என்ற எண்ணம்போல. ஆக, திவசத்தன்று சிக்னல் கொல்லையில் இருந்தே ஆக வேண்டும்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஆடி போய் ஆவணி பிறந்து, சாயங்காலம் ஒரு மழை, காலையில் சுள்ளென்று வெயில் என்று ஆகியிருந்தது. திவசத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சரளா தயங்கித் தயங்கி வந்தாள்.

"ஹில்டா, அன்னிக்கு இந்த டின் வீட்டுக்குள்ள வரக்கூடாதும்மா. கருவாட்டு வாசனையே ஆகாது."

"தெரியும்மா. அன்னிக்கு வட சுடுவீங்கல்ல? அதக் கிள்ளிக் குடுத்துக்கறேன்."

சரளா முகம் சுருங்கியது. "காக்கா தொடறதுக்கு முன்னாடி படையல் சோத்துல யாரும் வாய் வைக்கக்கூடாதே. காக்கா சாப்ட்டு, அப்புறம் மனுஷங்க சாப்ட்டு, எல்லாரும் எழுந்த பிறகுதான் அவனுக்குப் போடணும். வெளியிலேந்து வாங்கின பிஸ்கட் ரொட்டி கூட அன்னிக்கு அவனுக்கு முதல்ல போடக்கூடாதுன்னு அண்ணி சொல்லிட்டாங்க."

ஹில்டா கையிலிருந்த டின்னை மூடினாள். இத்தனை நாள் இந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள், இதை ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தப்பு அவளுடையதுதான். காக்கையின் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு துண்டு என்று பழக்கிவிட்டு, பெரிய நாளில் வெறும் கையைக் காட்டினால் நாய் எத்தனை நேரம் சும்மா படுத்திருக்கும்?

அன்று சாயங்காலம் பம்மல் வீட்டில் அவள் புருஷன் சவுரிமுத்து தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து வந்து, மேல் கழுவிக்கொண்டு, வட்டிலின் முன் உட்கார்ந்தான். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. இரண்டு கவளம் உள்ளே போனபிறகுதான் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னாமே, மூஞ்சி தொங்கிப்போய்க் கீது? நாயி பெயிலா?"

"நாயி பாஸுய்யா. வாத்தியாருதான் பெயிலு." நடந்ததைச் சொன்னாள். "கூலி குடுக்காம எப்டி வேல வாங்கறது, சொல்லு."

"ஏன், எங்களாண்ட வாங்கல? கூலி சனிக்கிழமதான். தெனமுமா குடுக்கறான்? ஆனா தெனம் சாயங்காலம் சங்க ஊதி கேட்டத் தொறந்து வுட்டா எப்டி ஓடியாறோம் பாத்துக்கீறியா? கைல பத்து பைசா இருக்காது. அந்த ஓட்டத்துல கீற சந்தோசம் சனிக்கிழம கூட இல்ல."

ஹில்டா குழம்புக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "யோவ், இன்னொருதரம் சொல்லு."

"இன்னாத்த?"

"கேட்டத் தொறந்து வுட்டா ஓடறத."

"குழம்ப ஊத்திட்டுக் கேளுமே" என்றான் சவுரிமுத்து.

சிக்னலுக்கு நெத்திலியைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. அது அவள் கண்முன்னாலேயே இத்தனை நாளாக இருந்தது. காக்கை தின்று முடித்துப் பறக்கும்போதெல்லாம் அவன் பின்னங்கால்கள் சாக்கில் படுத்தபடியே துடிக்கும். ஓட வேண்டும், துரத்த வேண்டும், தொண்டை நிறையக் குரைக்க வேண்டும். அதையே கூலியாகக் கொடுத்தால்?

மறுநாள் சரளா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் செய்து பார்த்தாள். மொட்டைவால் தின்று முடித்துத் தலையைத் தூக்கியதும் "ஓடு!" என்றாள். சிக்னல் ஒரு கணம் அவளை நம்பாமல் பார்த்தான். பிறகு பாய்ந்தான் பாருங்கள், சாக்கும் கூடவே கொஞ்ச தூரம் போனது. மதிலடியில் குதித்து, குரைத்து, கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து தானாகச் சாக்கைத் தேடிப் படுத்தான். அடுத்த காக்கை எப்போது வரும் என்று கேட்பதுபோல இருந்தது முகம். மொட்டைவாலும் கோபித்துக்கொள்ளவில்லை. வயிறு நிறைந்த பிறகு நாய் குரைத்தால் அதற்கென்ன, சாயங்காலம் மறுபடி வந்தது. கருவாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள். ஓட்டம் ஒன்றே போதுமாக இருந்தது.

ரமாதான் கன்னத்தில் கை வைத்தாள். "ஐயய்யோ ஹில்டாக்கா, அன்னிக்கு அது மாமா இல்லையா? சாப்ட்ட கையோட மாமாவை நாய் விட்டுத் துரத்தினா அத்தை என்ன ஆவாங்க? பெரியத்தை நம்ம ரெண்டு பேரையும் கிணத்துல தள்ளிடுவாங்க."

"நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. எனக்கு அது காக்கா. உனக்கு அது மாமனாரு. அதான் உன்னாண்ட கேக்கறேன்."

ரமா நகத்தைக் கடித்தாள். "அன்னிக்கு மட்டும் காக்கா சாப்ட்டதும் இவனைப் பிடிச்சுக்கோங்க. ஒரே ஒரு நாள்தானே?"

ஹில்டா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

திவசத்தன்று தலைக்குக் குளித்துவிட்டு வெறும் கையோடு வந்தாள். சிக்னல் அவள் இரண்டு கையையும் முகர்ந்து பார்த்துவிட்டு, முந்தானையையும் ஒருதரம் முகர்ந்தான். வீடெல்லாம் சாம்பார் மணமும் வாழைக்காய் வறுவல் மணமுமாக இருந்தது. அஞ்சம்மாள் விடியற்காலையிலேயே வந்து உளுந்து ஆட்டி, தம்பிக்குப் பிடித்த மாதிரி மிளகு தட்டிப்போட்டு வடை சுட்டிருந்தாள். தென்னந்தோப்புப் பங்காளியும் சாப்பாட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் ஒரு புதுச் சங்கிலி இருந்ததை ஹில்டா பார்த்தாள்.

கற்பூரம் காட்டியாயிற்று. கேசவன் இலையை எடுத்துப்போய் மதில்மேல் வைத்து, "கா... கா..." என்றான். எல்லோரும் கொல்லைப்படியில் நின்றார்கள். சிக்னல் சாக்கில் படுத்திருந்தான். வடை வாசனைக்கு அவன் வாயிலிருந்து நூல் நூலாக ஒழுகியது.

முருங்கை மரம் காலியாக இருந்தது.

"நான்தான் சொன்னேனே" என்று அஞ்சம்மாள் தொடங்கினாள்.

"அண்ணி, கொஞ்சம் பொறுங்க" என்றாள் சரளா.

பின்வீட்டு மாடியிலிருந்து மொட்டைவால் வந்தது. மதிலின் கோடியில் இறங்கி, சாக்கைப் பார்த்தது. ஆள் இருக்கிறான். தத்தித் தத்தி இலைக்கு வந்தது. சோற்றைத் தொடவில்லை, பாயசத்தைத் தொடவில்லை, நேராக வடையைக் கொத்தியது.

"வந்துட்டான்டி!" என்று அஞ்சம்மாள் விம்மினாள். "வடைய எடுத்தான் பாரு, வடைய எடுத்தான் பாரு! அவனேதான்!" சரளா கைகூப்பி நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கியது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. மொட்டைவாலுக்குப் பின்னால் இன்னும் இரண்டு இறங்கின. சோறு, பருப்பு, வறுவல் எல்லாம் போயிற்று. சிக்னல் அசையவில்லை. ஒரு துண்டு தீனி இல்லாமல், உடம்பெல்லாம் முறுக்கேறிப் படுத்திருந்தான்.

மற்ற காக்கைகள் பறந்துவிட்டன. மொட்டைவால் கடைசிப் பருக்கையைப் பொறுக்கிவிட்டு அலகை மதிலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தது. வேலை முடிந்தது. ஜெயித்தாயிற்று. இனி யாரும் சிக்னலைக் கோவளத்துக்கு அனுப்பப் போவதில்லை. ரமா கண்ணைக் காட்டினாள்: பிடித்துக்கொள்ளுங்கள். ஹில்டாவின் கை கழுத்துப்பட்டைக்கு நீண்டது.

சிக்னல் காக்கையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். சொன்னதைச் செய்துவிட்டேன், என் கூலி எங்கே என்ற பார்வை. மனுஷர்களிடம் அடி வாங்கி வாங்கி நம்பிக்கை போயிருந்த நாய். அதற்கு நம்பிக்கை வரவழைத்தவளே இன்று ஏமாற்றினால், மறுபடி எந்த முகத்தோடு அதன்முன் உட்காருவாள்? இந்த வீட்டுக்காரர்கள் திட்டட்டும். இனி வராதே என்றாலும் சொல்லட்டும்.

கையை இழுத்துக்கொண்டாள்.

"ஓடு!"

சிக்னல் பறந்தான். குரைத்த குரையில் கூடத்திலிருந்த பங்காளி எழுந்து நின்றுவிட்டான். மொட்டைவால் மதிலிலிருந்து எழும்பித் துணிக்கொடிக் கம்பத்தில் போய் உட்கார்ந்தது. சிக்னல் அங்கே பாய்ந்தான். அது கிணற்று ராட்டினத்துக்குத் தாவியது. அவன் கிணற்றைச் சுற்றினான்.

"ஐயோ, என் தம்பிய நாயி தொரத்துதே! நாசமாப் போறவளே, இன்னா காரியம் பண்ணிட்டே!" அஞ்சம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். கேசவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ரமா கதவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஹில்டா சரளாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

சரளாவின் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திப் பார்த்தாள், அடங்கவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"விடுங்க அண்ணி, விடுங்க... ஞாயித்துக்கிழமை சாப்ட்டு எழுந்தா இதேதானே பண்ணுவார்? நான் இலையை எடுக்கறதுக்குள்ள வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கொல்லைக்கு ஓடுவார். இவன் குரைச்சுக்கிட்டே பின்னாடி ஓடுவான். கிணத்தைச் சுத்தி, கொடிக்கு அடியில பூந்து... அறுபது வயசு ஆம்பளை! அக்கம்பக்கத்துல பாத்தா மானம் போகுதுன்னு நான் கத்துவேன். கேட்டாத்தானே? பாருங்க, அதே சுத்து. அதே மாதிரி சுத்தறார்."

அஞ்சம்மாளின் கை மார்பில் அப்படியே நின்றது. கொல்லையைப் பார்த்தாள். மொட்டைவால் ராட்டினத்திலிருந்து கம்பத்துக்கும் கம்பத்திலிருந்து ராட்டினத்துக்கும் தாவிக்கொண்டிருந்தது. சிக்னல் வாலைச் சுழற்றிக்கொண்டு கீழே ஓடினான். கிழவியின் முகத்தில் ஏதேதோ வந்து போயிற்று. வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, படியிறங்கிப் போய், இடுப்பில் கை வைத்துக் காக்கையை நிமிர்ந்து பார்த்தாள்.

"டேய் கோதண்டம்! துன்ன வவுத்தோட ஓடாதடா, ஓடாதடான்னு சின்ன வயசுலேந்து எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன்! கேட்டியா நீ? இப்பவும் கேக்க மாட்டியா?"

மொட்டைவால் அவளைப் பார்த்து ஒரு கத்துக் கத்திவிட்டு, சிக்னலின் வாய்க்கு எட்டியும் எட்டாமலும் தாழப் பறந்து, கிணற்றை இன்னொரு சுற்றுச் சுற்றியது.